பால்மரத்தடியில் ஒரு கும்பிடு

முதலில் கோயில், அப்புறம்தான் காடு என்று அம்மா சொல்லிவிட்டார். வேர்த்து ஒழுகிக்கொண்டு ஆத்தா முன்னால் போய் நிற்கக் கூடாதாம்.

சரியென்று வெள்ளிக்கிழமை காலையிலேயே கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ்.லீ தெருவுக்குப் போய்விட்டோம். அங்கிருக்கும் மகாமாரியம்மன் கோயிலை அந்நாளைய தமிழ்ச் செல்வந்தர் தம்புசாமிப் பிள்ளை 1873-இல் தொடங்கியபோது அது அவர் குடும்பக் கோயில்தான். இப்போதைய இடத்துக்கு வந்தது 1885-இல். ஐந்து நிலைக் கோபுரத்தில் 228 சிலைகள் என்பார்கள். நான் எண்ண ஆரம்பித்து, இரண்டாம் நிலையைத் தாண்டியதே இல்லை. தைப்பூசத்துக்குப் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போகும் வெள்ளிரதம் புறப்படுவது இங்கிருந்துதான். அந்தக் கூட்டத்தில் அம்மன் முகம் தெரிந்தாலே பாக்கியம். அன்று பத்துப் பேர்கூட இல்லை. அம்மா பேரப்பிள்ளைகளின் நட்சத்திரங்களை ஒன்றுவிடாமல் ஒப்பித்து அர்ச்சனை செய்தார். தெருவுக்கு எதிரே சீனர்களின் குவாந்தி கோயில். அந்தப் பக்கம் பார்த்தும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அங்கிருந்து புக்கிட் நானாஸ், அதாவது அன்னாசிக் குன்று. 1906-இல் வனக்காப்பகமாக அறிவித்த இடம், மிஞ்சியிருப்பது ஒன்பது ஹெக்டேர் சொச்சம். உள்ளே கொஞ்ச தூரம் போனதுமே கார் சத்தம் அமுங்கி, சில்வண்டு இரைச்சல் காதை அடைத்தது. தொங்குபாலத்தைப் பார்த்ததும் அம்மா, "முட்டி இருக்கிற இருப்பில் இதுவேறயா?" என்று திரும்பிவிட்டார்.

குன்றின் உச்சியில் 421 மீட்டர் உயரத்தில் கே.எல். கோபுரம், அதாவது கோலாலம்பூரின் தொலைத்தொடர்புக் கோபுரம். அதைக் கட்டியபோது நூறு வயது தாண்டிய ஜெலுத்தோங் மரம் ஒன்றை வெட்டாமல், சுற்றிச் சுவர் எழுப்பிக் காப்பாற்றினார்கள். எல்லோரும் கோபுரத்தை அண்ணாந்து பார்க்க, அம்மா மரத்தைப் பார்த்தார்.

"இதைச் சீவினாலும் பால் வருமா?"

வரும், ஒரு காலத்தில் சூயிங்கம் செய்ய அந்தப் பாலைத்தான் எடுத்தார்கள் என்றேன். முப்பது வருடம் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர் அவர்.

"எங்க தோட்டத்து மாரியாயியும் மொதல்ல மரத்தடியிலதான் இருந்தா. வெறும் கல்லு, ஒரு சூலம்."

சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். செல்பி எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ஒதுங்கி வழிவிட்டார்கள். நானும் சப்பாத்தின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தேன்.