காய் பார்த்த செலவு

அப்பா இறந்தது 2023 மார்ச்சில். பன்னிரண்டு வருஷத்துக்கும் மேலாக நின்றுபோயிருந்த ரயில் மறுபடி போடிக்கு வருவதற்கு மூன்று மாதம் முன்னால். "வரட்டும், முதல் வண்டியில மதுரைக்குப் போயிட்டு அடுத்த வண்டியில திரும்பிருவேன்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மதுரையில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தம்பி கடைப் பரணிலிருந்து பழைய நாள்வழி நோட்டுகளை இறக்கினான். சிவப்புத் துணி அட்டை, ஏலக்காய் வாசம். நாற்பது வருஷத்து நோட்டுகள். எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை புரட்டலாம் என்று உட்கார்ந்தேன். ரெண்டு நாள் எழுந்திருக்கவில்லை.

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யாத தெருவே கிடையாது என்பார்கள். அப்பாவும் அப்படித்தான். பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் காயை வாங்கி, கடையில் பெண்களை வைத்துப் பொறுக்கி, சலித்து, ரகம் பிரித்து வடக்கே அனுப்புவார். எட்டு மில்லி சல்லடையில் நிற்பது தனி, ஏழில் நிற்பது தனி. ஆனால் சல்லடைக்கு வருவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு கை அள்ளி, மூடிய உள்ளங்கைகளுக்குள் வைத்துக் காதுப் பக்கம் குலுக்குவார். சரியாகக் காய்ந்த காய் கலகலவென்று சத்தம் கொடுக்கும். மந்தமாகக் கேட்டால் மூட்டையைத் தள்ளி வைத்துவிட்டு, "ஸ்டோர்ல விறகு பத்தலையோ?" என்பார், கொண்டுவந்தவர் முகத்தைப் பார்க்காமல். ஸ்டோர் என்றால் தோட்டத்தில் காய் உலர்த்தும் கூடம்.

இதெல்லாம் திங்கள் முதல் சனி வரை. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே ஆள் இருக்க மாட்டார். கொட்டகுடி ஆற்றோரமாகவே நடந்து போவார், இல்லாவிட்டால் குரங்கணிக்கு ஜீப் ஏறி அங்கிருந்து மலை. அம்மா கேட்டால் ஒரே பதில்தான்: "காய் பார்க்கப் போறேன்." குரங்கணியில் அவருக்குக் காய் கொடுக்கும் தோட்டம் ஒன்றுகூட இல்லை என்பது அம்மாவுக்கும் தெரியும். முழுப் பொய்யும் இல்லை. ஓடையில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது, கோடை மழை எந்தப் பக்கம் விழுந்தது என்று பார்த்துவிட்டு வந்து, இந்த வருஷம் சரம், அதாவது ஏலச்செடியில் காய் பிடிக்கும் கொத்து, எப்படி வரும் என்று சொல்லுவார். பாதிக்கு மேல் சரியாகத்தான் இருக்கும்.

2019 கோடையில் மலை காய்ந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, விலை ஏறப்போகிறது, யாரும் விற்காதீர்கள் என்று பக்கத்துக் கடைக்காரர்களிடமெல்லாம் சொன்னார். தன் சரக்கை மட்டும் விற்றுவிட்டார். கோயம்புத்தூரில் எனக்கு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஆகஸ்டில், கேரளாவில் புத்தடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. நான் போனில் அழுததற்கு, "விடுத்தா, இப்பக் கொண்டாந்து குடுத்தா வீடு தருவானா?" என்றார்.

எனக்குப் பத்து வயதில் முதன்முதலாக என்னைக் கூட்டிப் போனார். குறிஞ்சி பூத்த வருஷம், 1994. குரங்கணியிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஏற்றம். ரயிலே ஓடாத இடத்துக்கு எதற்கு ஸ்டேஷன் என்று கேட்டேன். வெள்ளைக்காரன் காலத்தில் மூணாறு தேயிலை குட்டி ரயிலில் மேலே வந்து, அங்கிருந்து கம்பியில் தொங்கிக்கொண்டு கீழே கொட்டகுடிக்கு இறங்குமாம். 1924 வெள்ளம் அந்த ரயிலைக் கொண்டுபோய்விட்டது. கதை கேட்டுக்கொண்டே ஏறியதில் செருப்பு வார் அறுந்தது. சணலை எடுத்துக் காலோடு சேர்த்துக் கட்டிவிட்டார். மூட்டை தைக்கும் சணல். அது எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும்.

அடுத்த பூ 2006இல். அம்மாவையும் கூட்டிக்கொண்டு மூணாறு வழியாக ஜீப்பில் போனோம். சரிவு முழுக்க நீலம். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் இத்தனை வருஷம் ஓடுனீங்களா? கத்திரிப்பூ மாதிரியில்ல இருக்கு" என்றாள். அப்பா சிரித்த சிரிப்பில் ஜீப் டிரைவர் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தார். அதற்கப்புறம் வீட்டில் கத்திரிக்காய்க் குழம்பு வைத்தாலே "இன்னிக்குக் குறிஞ்சிக் குழம்பா?" என்பார். பதினேழு வருஷம் இதே ஜோக்.

2018இல் போகவில்லை. அந்த மார்ச் 11ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமைதான், குரங்கணி மலையில் தீ. மலையேற வந்த பிள்ளைகள் இருபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அப்பாவுக்கு அன்று காய்ச்சல், வீட்டில் இருந்தார். சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போனவர் ராத்திரி வரை இறங்கவில்லை. சாப்பிடக் கூப்பிடப் போன தம்பியிடம், "அந்தப் புல்லு ஆளு உசரம் நிக்கும்டா" என்று மட்டும் சொன்னாராம். அதன் பிறகு அவர் அந்தப் பக்கம் போனதில்லை. ஆற்றோரம் நடப்பதோடு சரி.

நோட்டில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு வரி இருக்கிறது. தலைப்பு மாறவே இல்லை: காய் பார்த்த செலவு. ஜீப், டீ, முறுக்கு. சில நாள் வெறும் டீ. ஆடிட்டர் இதை எப்படி விட்டார் என்று தெரியவில்லை. செலவுக்குக் கீழே அந்த நாளின் மழையையும் எழுதியிருக்கிறார். தம்பி படித்துப் படித்துச் சிரித்தான். ஒரு நோட்டுக்கு மட்டும் சிரிக்காமல் என் பக்கம் நகர்த்தி வைத்தான்.

18.9.1994, ஞாயிறு. காய் பார்த்த செலவு. ஜீப். டீ 2. பன் 4. மூணாறில் பெரியவளுக்குச் செருப்பு 1 ஜோடி. போடி பஸ் டிக்கெட் ஒன்றரை. மழை இல்லை. பூ உண்டு.