மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் எட்டு மாதம்

கேமரா வாங்கி மூன்று வருடம் ஆகிறது. நிக்கான் டி5600, கல்யாண வீடுகளில் அடிபட்டு என் கைக்கு வந்தது. முதல் இரண்டு வருடம் யானைமலை, வைகைப் பாலம், அக்கா பிள்ளைகளின் பிறந்தநாள் என்று கழிந்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

போன டிசம்பரில் ஒரு நாள் பயிற்சி வகுப்புக்கு 2,500 ரூபாய் கட்டினேன். வயதான ஒருவருக்கு முண்டாசு கட்டி, கையில் பீடியைக் கொடுத்து, பக்கத்தில் சாம்பிராணிப் புகை போட்டு உட்கார வைத்திருந்தார்கள். முப்பது பேரும் முண்டியடித்து எடுத்தோம். ராத்திரி வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்த படங்களில் என்னுடையது எது என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பெரியவரைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. இருமிக்கொண்டே இருந்தார்.

ஆனால் அங்கே ஒருவர் அறிமுகமானார். வகுப்புக்கு லைட் வாடகைக்குக் கொண்டுவந்தவர். டவுனில் முப்பது வருடம் ஸ்டுடியோ வைத்திருந்து, டிஜிட்டல் வந்ததும் மூடியவர். நெகட்டிவில் கூர் சீவிய பென்சிலை வைத்து மாப்பிள்ளைகளின் முகப்பருவை மறைத்த கை அது. டீ குடிக்கும்போது என் படங்களைக் காட்ட போனை நீட்டினேன். வாங்கவே இல்லை. "பிரிண்ட் போட்டுக் கொண்டா தம்பி. பன்னிரண்டு படம். மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை நாலஞ்சு பேர் வருவாங்க, நீயும் வா" என்றார்.

அதற்காகத்தான் ஜனவரியில் பூ மார்க்கெட்டுக்குப் போக ஆரம்பித்தேன். பனிக்காலத்தில் மல்லிகை வரத்துக் குறைந்து விலை எகிறிக் கிடக்கும். யாருக்கும் என்னைப் பார்க்க நேரமில்லை. விடிவதற்கு முன்பே எல்.இ.டி. விளக்கு வெளிச்சத்தில் சாக்குச் சாக்காக மொட்டு வந்து கொட்டும். கை அசைவு கலங்கக் கூடாதே என்று ஷட்டரை 1/500 நொடியில் வைத்து எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் படத்தின் குறுக்கே கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாக ஓடுகிறது. கேமரா போச்சு என்றே நினைத்தேன்.

ஸ்டுடியோ வைத்திருந்த அந்த அண்ணனிடம் காட்டினேன், சிரித்தார். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கி எரிகின்றன, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. 1/500 வேகத்தில் கேமராவுக்குள் ஷட்டர் திரை ஒரு மெல்லிய பிளவாக நகர்ந்து போவதால் அந்த ஏற்ற இறக்கம் அப்படியே பதிந்துவிடுகிறது. 1/100 அல்லது 1/50 வைத்தால் பட்டை போய்விடும். கை கொஞ்சம் கலங்கினால் கலங்கட்டும், பூக்கட்டும் கை கலங்கித்தான் இருக்கும் என்றார்.

பட்டை போனது. ஆனால் அடுத்த குறையைக் கண்டுபிடித்தது அவரில்லை. மார்க்கெட்டில் வரிசையாக உட்கார்ந்து பூக்கட்டும் அக்கா ஒருவரைக் கேட்டுவிட்டுப் படம் எடுத்திருந்தேன். பிப்ரவரியில் பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. "என்ன தம்பி, நேத்துப் பூ மாதிரில்ல இருக்கு?" என்றார்.

பார்த்தால், அப்படித்தான் இருந்தது. சாம்பலும் மஞ்சளும் கலந்த பூ. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். ஃபிரேம் முழுக்க வெள்ளை மொட்டு இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்து இருட்டாக்கிவிடும். இதை எங்கெங்கோ படித்திருக்கிறேன். அந்த அக்கா சொன்ன பிறகுதான் கை தானாக வெளிச்சத்தைக் கூட்டும் பட்டனுக்குப் போகிறது. இப்போது +1, சில நாள் +1.3. மஞ்சளுக்கு, யாராவது ஒருவரின் வெள்ளைத் துண்டைப் பார்த்து ஒயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரிவதற்கான அளவை, சரிசெய்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்: எல்லாரும் பேசி முடிக்கும் வரை எடுத்தவன் வாயைத் திறக்கக் கூடாது. ஏப்ரலில் நான் கொண்டுபோனதில் அதே அக்கா சிரிக்கிற படம் ஒன்று இருந்தது. மகளுக்கு நர்சிங் சீட்டுக் கிடைத்ததைச் சொல்லும்போது எடுத்தது. எனக்கு அதுதான் உயிர். மேசையில் வைத்தேன். முதலாமவர், "இடது ஓரத்துல யாரு கை அது?" என்றார். அடுத்தவரும் கையைப் பற்றியே பேசினார். கால்குலேட்டர் பிடித்த கை, மணிக்கட்டோடு வெட்டுப்பட்டிருந்தது. எடுக்கும்போது சத்தியமாக நான் அதைப் பார்க்கவே இல்லை. சிரிப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது.

கடைசியில் நர்சிங் கதையைச் சொன்னேன். "அது உன் காதுல இருக்கு தம்பி, படத்துல இல்ல" என்றார் அண்ணன். பிறகு 'ட'னா மாதிரி வெட்டிய இரண்டு கறுப்பு அட்டைகளை எடுத்துப் படத்தின் மேல் வைத்து நகர்த்தினார். ஓரத்துக் கை மறைந்தது. அப்புறம் வேறு பக்கமாக நகர்த்தி முகத்தை மறைத்தார். நூல் சுற்றிய விரல்கள், பாதி கட்டிய சரம், கால்குலேட்டர் கை, அவ்வளவுதான் மிச்சம். ரேட் பேசுகிற இடம் முழுக்க அதில் இருந்தது. ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆனது. இன்னமும் சிரிப்புதான் பிடிக்கிறது, அது வேறு.

அன்றைக்கே ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டினார். 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் எடுத்த மதுரை, தஞ்சாவூர்ப் படங்கள். காகித நெகட்டிவ் என்பதால் நிறைய நேரம் வெளிச்சம் காட்ட வேண்டும், நடமாடுகிற மனிதர்கள் பதிய மாட்டார்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, சுமார் 19 அடிக்கு ஒட்டியிருக்கிறார். "இருபத்தொரு தடவையும் ஓரம் ஓரத்தோட சேரணும். உனக்கு ஒரு படத்துக்கு நாலு ஓரம் பார்க்க முடியலையா?" என்றார். திட்டுவதற்கு இவ்வளவு தூரம் போவார் என்று நினைக்கவில்லை.

மே மாதத்திலிருந்து சுற்றுவதை விட்டுவிட்டேன். ஒரு தூண் பக்கத்தில் ஒன்றரை மணி நேரம் நிற்பேன், 50 எம்.எம். லென்ஸ் மட்டும். முதலில் நான்கு ஓரமும் சரியா என்று பார்த்துவிட்டு, உள்ளே ஏதாவது நடக்கட்டும் என்று காத்திருப்பேன். முந்நூறு நானூறு எடுத்த இடத்தில் இப்போது அறுபதைத் தாண்டுவதில்லை. சுமை தூக்குகிறவர்களுக்கு நான் வழியில் நிற்கும் கம்பம்தான். இரண்டு தடவை திட்டு வாங்கி, சாக்கு போகிற தடத்தைத் தெரிந்துகொண்டேன்.

ஆகஸ்டுக் கூட்டத்துக்குக் கொண்டுபோன பன்னிரண்டில் நான்கை ஒதுக்கி வைத்தார். ஒதுக்கியது நல்லது என்றா கெட்டது என்றா என்று கேட்டேன். "வீட்டுச் சுவத்துல மாட்டிப் பாரு, ஒரு மாசம் கழிச்சுச் சொல்லு" என்றார். மாட்டியிருக்கிறேன். ஒன்று இப்போதே அலுத்துவிட்டது.

போன வாரம் முகூர்த்த நாள், மார்க்கெட்டில் நிற்க இடமில்லை. பூக்கட்டும் அக்காவின் மகள் லீவில் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "ரெண்டு பேரையும் சேர்த்து ஒண்ணு எடுங்க தம்பி" என்றார் அக்கா. கேமராவைத் தூக்கினேன், ஓரம் பார்த்தேன், +1 வைத்தேன். "அய்ய, அது எதுக்கு? போன்ல எடுங்க, இப்பவே இவ நம்பருக்கு அனுப்பணும்" என்றார்.