பெர்லினில் மகளைக் கிட்டாவில் சேர்த்த கதை

ஒரு வயது முடிந்த பிள்ளைக்குக் காப்பகத்தில் இடம் கேட்பது ஜெர்மனியில் 2013 ஆகஸ்டிலிருந்து சட்டப்படி உரிமை. இந்தப் பகல்நேரக் காப்பகத்தைத்தான் கிட்டா என்பார்கள். பெர்லினில் 2018 முதல் கட்டணமும் கிடையாது, சாப்பாட்டுக்கு மட்டும் மாதம் 23 யூரோ. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இடம் கிடைக்க வேண்டுமே! இளைஞர் நல அலுவலகம் தந்த கிட்டா குட்ஷைனை, அதாவது காப்பகத்துக்கான அனுமதிச் சீட்டை, கையில் வைத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றியிருந்த கிட்டாக்களுக்கெல்லாம் மின்னஞ்சல் போட்டோம். பாதிப் பேர் பதிலே போடவில்லை.

ஒருவழியாக இடம் கிடைத்து, தட்டம்மை ஊசி போட்ட சான்றையும் கொடுத்த பிறகுதான் அசல் வேலை ஆரம்பித்தது. பிள்ளையை மெதுவாகப் பழக்கும் காலம் அது. மனைவி வேலைக்குத் திரும்பிவிட்டதால், விடுப்பில் இருந்த நான்தான் போனேன்.

முதல் மூன்று நாள் பிள்ளையோடு ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார வேண்டும். கூட விளையாடக் கூடாது. வந்து ஒட்டிக்கொண்டால் விலக்கவும் கூடாது. முழங்கால் மோவாயில் இடிக்கும் குட்டி நாற்காலி. நான்காம் நாள்தான் முதல் பிரிவு, அதுவும் அரை மணிக்கு மேல் இல்லை. அது திங்கட்கிழமையாக விழுந்தால் மறுநாளுக்குத் தள்ளிவைப்பார்கள்.

ஊரில் என்றால் "அதோ பார் காக்கா" என்று காட்டிவிட்டு நழுவிவிடுவோம். இங்கே அது கூடவே கூடாது. முகத்தைப் பார்த்து "அப்பா போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், அவள் கத்தினாலும் சரி. அம்மாவுக்கு இதெல்லாம் பெரிய கூத்தாகத் தெரிந்தது. "உன்னைப் பால்வாடியில விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்தேன்டா, நீ வளரலையா?" என்றார் வீடியோவில். வளர்ந்தேன்தான். ஆனாலும் சொல்லிக்கொண்டு போவதே எனக்கு இப்போது சரியாகப் படுகிறது. போனவர் திரும்பி வருவார் என்பது பிள்ளைக்கு அப்படித்தானே பிடிபடும்?

மகளுக்குத் தெரிந்த பேச்சு தமிழ் மட்டும். தண்ணி, தூக்கு, வலிக்குது, போதும் என்று சில சொற்களை ஜெர்மன் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவளைக் கவனித்துக்கொண்ட அம்மையார் அதை டயப்பர் மேசைக்கு மேல் ஒட்டிவைத்தார். நடைபாதை பெஞ்சில் காத்திருந்தபோது உள்ளே அழுகைச் சத்தம். எழப் போனேன். அதற்குள் "தூக்கு? தூக்கு?" என்று அவர் கேட்பது காதில் விழுந்தது. அழுகை விம்மலாகி அடங்கியது. நான் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

மதியத் தூக்கம்தான் கடைசிக் கட்டம், அதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. அதனால், வேலைக்குத் திரும்பும் தேதியை அலுவலகத்தில் இறுக்கமாகச் சொல்லிவிடாதீர்கள். ஒரு மாதமாவது கையில் இருக்கட்டும். அப்புறம் சளி, காய்ச்சல் வேறு. பழக்கி முடித்த அடுத்த வாரமே அவளுக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. இரண்டு நாளில் எனக்கும்.