கண்மாய் ஆட்டம்: கோணல் கட்டையோடு போன மூன்று வாரம்

நானே உருவாக்கிவரும் கண்மாய் ஆட்டம் என்ற பலகை விளையாட்டுக்கு மூன்று வாரமாக நான் விதிகளைத் திருத்தியது அத்தனையும் வீண். தாயக்கட்டை கோணல்!

பலகை ஏற்கெனவே முடிந்துவிட்டது. பல்லாங்குழியின் ஒரு வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டேன். 7 குழிகள், 7 கண்மாய்கள். சுற்றிவருவதை நிறுத்திவிட்டு, மேலிருந்து கீழே மட்டும் ஓடவிட்டேன். மேல் மூன்று ஒருவருக்கு, கீழ் மூன்று மற்றவருக்கு, நடுக்கண்மாய் பொது. ஐந்து முத்து நிறைந்தால் மிச்சம் கலங்கல் வழியே, அதாவது மிகைநீர் வழியும் வாய் வழியே, அடுத்த குழிக்குப் போகும். எத்தனை முத்து மழை என்பதைத் தாயக்கட்டை சொல்லும்.

சாதாரணப் பகடையில் பெய்யும் மழைக்கு உயிரே இல்லை. ஆறு எண்களும் சமமாக விழுகின்றன. தாயக்கட்டை அப்படியல்ல. ஒரு கட்டைக்கு நான்கு முகம்: மூன்றில் 1, 2, 3 புள்ளிகள், ஒன்று வெற்று. இரண்டும் வெற்றாக விழுந்தால் 12. இரண்டு கட்டைக்கும் சேர்த்து 16 விதமான விழுகைகள். அதில் 3 நான்கு முறை வரும். தாயம், அதாவது 1, இரண்டு முறை. 12 ஒரே ஒரு முறை. எங்கள் வீட்டு வழக்கப்படி 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். கணக்குப் போட்டால் ஓர் உருட்டலுக்குச் சராசரி 3.75 முத்து, மறு உருட்டல்களையும் சேர்த்தால் ஒரு முறைக்குச் சரியாக 6. நாள்கணக்கில் தூறிவிட்டு ஒரே இரவில் கொட்டித் தீர்க்கிற ஐப்பசி மழை அப்படியே இந்தக் கட்டைக்குள் இருக்கிறது. இந்தக் கணக்கு கிடைத்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

12 விழுந்தால் வெள்ளம். நிறைந்திருக்கிற கண்மாய்களின் கரை உடைந்து, தண்ணீர் முழுதும் கீழே போய்விடும். இது கட்டான் என்ற பலகை விளையாட்டில் கற்றது. அங்கே 7 விழுந்தால், ஏழு சீட்டுக்கு மேல் பதுக்கியவர் பாதியை இழக்கிறார். அந்த 7 ஆறுக்கு ஒருமுறை வருவதால் பாதி இழப்பு போதும். என் 12 பதினாறுக்கு ஒருமுறைதான் என்பதால் முழுக்கரையையும் உடைக்கத் துணிந்தேன். ஆளுக்குப் பத்து முறை என ஓர் ஆட்டத்துக்கு 20 முறை. மறு உருட்டல்களோடு அது சராசரி 32 உருட்டல்; ஆக, சராசரியாக இரண்டு வெள்ளம் வரவேண்டும்.

வந்ததோ மூன்று, நான்கு, ஒருமுறை ஐந்து. 9 சோதனை ஆட்டங்களில் மேல் கண்மாய்க்காரர் 8 முறை தோற்றார். கொள்ளளவை ஏழாக்கினேன், கடைமடை காய்ந்தது. பாதிக் கரை மட்டும் உடையட்டும் என்றேன்; ஆட்டமே சப்பென்று ஆனது.

கண்டுபிடித்தது அம்மாதான். அறுபது வருடமாகத் தாயம் ஆடும் கை அது. இரண்டு கட்டைகளையும் உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தவர், ஒன்றைத் தனியே எடுத்து வைத்தார். "இது ஒருபக்கமாகச் சாயுதேடா" என்றார். அந்தக் கட்டையை மட்டும் 400 முறை உருட்டி எழுதினேன். ஒவ்வொரு முகமும் நூறையொட்டி வரவேண்டும். வெற்றுமுகம் 138 முறை வந்தது. அப்படியானால் 12 விழுவது ஏறக்குறைய 12 உருட்டலுக்கு ஒருமுறை! பித்தளைக் கட்டை, விலையும் குறைவில்லை. விளிம்பை இப்படி ஏனோதானோவென்று அராவி விற்கலாமா என்று இன்னும் ஆறவில்லை.

கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை ஒட்டி, தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். பத்து இழுப்பு, ஐம்பது உருட்டல், மறுபடி பத்து இழுப்பு. கையில் பிடித்துத் தேய்த்தால் முகம் வளைந்துவிடும். கட்டையைத் தாளின் மேல் படுக்கவைத்துத்தான் இழுக்க வேண்டும். இரண்டு மாலைகள் ஆயின. கடைசி 400 உருட்டலில் வெற்றுமுகம் 104. அடுத்த கட்டையையும் விட்டுவைக்கவில்லை. அது 97, தேய்க்கத் தேவையில்லை.

பழைய விதிகளையே மீண்டும் வைத்து ஆடிய 6 ஆட்டங்களில் மேல் கண்மாய்க்கு 4 வெற்றி, கீழ் கண்மாய்க்கு 2.

முத்துகளையும் மாற்ற வேண்டும். தையல் சாமான் கடையில் வாங்கிய நீல மணிகள் அழகுதான், ஆனால் குழியை விட்டு உருண்டு ஓடுகின்றன. அடுத்த மாதம் ராமேஸ்வரம் போகும்போது சிறிய சோழிகளாகப் பொறுக்கி வாங்கிவருவேன். அதுவரை புளியங்கொட்டை.

ஆடு புலி ஆட்டத்திலிருந்தும் ஒன்று எடுக்கும் எண்ணம் இருக்கிறது. 3 புலி, 15 ஆடு. புலி வெட்டி ஜெயிக்கும், ஆடு அடைத்து ஜெயிக்கும். கீழ் கண்மாய்க்காரருக்கும் அப்படி வேறொரு வெற்றி வழி கொடுத்தால் என்ன? மடை திறந்து நீர் பாய்ச்சும் ஆளான நீர்க்கட்டியின் பெயரில் ஒரு காய், இரண்டு முறை மட்டும் மேல்மடையைத் திறக்கலாம். அட்டையில் வெட்டி வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தங்கை மகள் வருகிறாள். கீழ் கண்மாய் அவளுக்கு.