யூரியா எங்கே போகிறது?

அம்பாசமுத்திரம் பக்கம் பிசானப் பருவ நெல் நடவு நடக்கிறது. தண்ணீர் கட்டிய வயலில் மேலே சில மில்லிமீட்டர் சேற்றில்தான் ஆக்சிஜன் இருக்கும், கீழே கிடையாது. பாக்டீரியாக்கள் இதை எப்படி அறிகின்றன என்பது எனக்குத் தீராத வியப்பு.

ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் எஃப்.என்.ஆர். என்றொரு புரதம். அதனுள் 4 இரும்பு, 4 கந்தக அணுக்கள் சேர்ந்த கொத்து. ஆக்சிஜன் பட்டால் கொத்து சிதையும், ஜோடியாக இருந்த புரதம் பிரிந்து டி.என்.ஏ.வை விட்டுவிடும். ஆக்சிஜன் தீர்ந்தால் ஜோடி சேர்ந்து, ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்க வேண்டிய மரபணுக்களை முடுக்கிவிடும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

சேற்று பாக்டீரியாக்களிலும் இதன் உறவுப் புரதங்கள் உண்டு. மேலே தூவிய யூரியா நைட்ரேட்டாகிக் கீழே இறங்கினால், ஒரு பகுதியை வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. அதனால்தான் யூரியாவைச் சேற்றுக்குள் ஆழமாக வைக்கச் சொல்கிறார்கள். அங்கே ஆக்சிஜன் இல்லாததால் அது நைட்ரேட்டாக மாறுவதே குறைவு.