அனாட்டமி கம்பார்ட்மென்ட் க்ளியர் ஆயிடுச்சு: நாலு கால்ல நின்னு படிச்ச கதை

அனாட்டமி (உடற்கூறியல்) கம்பார்ட்மென்ட், அதாவது ஃபெயிலானத மறுபடி எழுதுற எக்ஸாம், அதோட ரிசல்ட் நேத்து சாயங்காலம் வந்துச்சு. பாஸ். மார்க் எவ்ளோன்னு கேக்காதீங்க, பாஸ், அவ்ளோதான்.

பிவிஎஸ்சி (கால்நடை டாக்டர் படிப்பு) ஃபர்ஸ்ட் இயர்ல ஃபிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி, எல்பிஎம் (கால்நடை வளர்ப்பு) எல்லாம் தட்டுத்தடுமாறியாவது கரையேறிட்டேன். அனாட்டமில மட்டும் மாட்டிக்கிட்டேன், அதுவும் தியரில இல்ல, பிராக்டிக்கல்ல. தியரி பக்கம் பக்கமா எழுதுவேன், மனப்பாடம் பண்றதுல நான் கில்லாடி. அந்த திமிர்தான் கவுத்துச்சு.

வைவால (வாய்வழித் தேர்வு) நடந்தத சொல்றேன். எக்ஸ்டர்னல் (வெளியில இருந்து வந்த எக்ஸாமினர்) ஒரு ஸ்கேபுலாவ (தோள்பட்டை எலும்பு) எடுத்து கையில குடுத்தாரு. "என்ன அனிமல்?" ஸ்பைன் (எலும்பு மேல ஓடுற மேடு) கீழ அக்ரோமியானோட (துருத்துற முனை) முடியுது, அதனால மாடு, குதிரைக்கு அக்ரோமியான் கிடையாதுன்னு கடகடன்னு ஒப்பிச்சேன். தலையாட்டுனாரு. "எந்த சைடு?" லெஃப்ட்னேன். "எப்படி சொல்ற?" அங்கதான் வாய் ஒட்டிக்கிச்சு. விஷயம் என்னன்னா நான் வச்சிருந்த புக்ல எல்லா காலையும் இடது பக்கத்துலதான் வரைஞ்சிருந்தான், அத பாத்து பாத்து எனக்கு உலகத்துல இருக்குற எலும்பெல்லாம் லெஃப்ட்டாவே ஆகிப்போச்சு. "சரி தம்பி, மாட்டுக்குள்ள இது எப்படி இருக்கும்னு புடிச்சுக் காட்டு"ன்னாரு. க்ளீனாய்டு கேவிட்டிய (முன்னங்கால் எலும்பு வந்து சேர்ற குழி) மேல பாக்க வச்சு தலைகீழா புடிச்சேன். அவர் திட்டகூட இல்ல, எலும்ப வாங்கி மேசையில வச்சிட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டாரு. அந்த மேசைல எலும்பு பட்ட சத்தம் ஒரு மாசம் காதுல கேட்டுச்சு.

அதுக்கப்புறம் நான் மாத்துனது ஒண்ணே ஒண்ணுதான். புக்க மூடிட்டு, ஹாஸ்டல் ரூம்ல கையும் முட்டியும் தரையில ஊனி மாடு மாதிரி நின்னுடுவேன். ரூம்மேட் ஒவ்வொரு எலும்பா எடுத்து என் மேலயே வைப்பான். ஸ்கேபுலான்னா தோள்ல: கேவிட்டி கீழ, ஸ்பைன் வெளிப்பக்கம், கோரகாய்டு துருத்திக்கிட்டு இருக்குற பக்கம் முன்னாடி. இது மூணும் என் இடது தோள்ல ஒட்டுச்சுன்னா லெஃப்ட், ஒட்டலைன்னா ரைட். முடிஞ்சுது, இதுக்கு எதுக்கு மனப்பாடம்? ஃபீமர்னா (தொடை எலும்பு) தலை உள்பக்கம், பெரிய ட்ரோக்கான்டர் (மேல இருக்குற புடைப்பு) வெளிப்பக்கம், பட்டெல்லா (முட்டிச் சில்லு) சறுக்குற ட்ராக்லியா முன்பக்கம். பக்கத்து ரூம்காரன் கதவ தொறந்து பாத்துட்டு ஒண்ணும் பேசாம சாத்திட்டு போனான், பரவால்ல, கூச்சம் பாத்தா கம்பார்ட்மென்ட் எழுத முடியாது.

அடுத்த ஸ்டெப் கண்ண மூடிக்கிட்டு தடவிப் பாக்குறது. மாட்டோட மெட்டாகார்ப்பலும் (முன்னங்கால் கீழ்ப்பகுதி எலும்பு) மெட்டாடார்சலும் (பின்னங்கால்ல அதே மாதிரி எலும்பு) படத்துல அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ரெண்டும் மூணாவது நாலாவது எலும்பு ஒண்ணா சேந்தது, ரெண்டுலயும் முன்னாடி ஒரு பள்ளம் ஓடும். ஆனா கையில உருட்டிப் பாருங்க, மெட்டாகார்ப்பல் முன்னும் பின்னும் தட்டையா இருக்கும், மெட்டாடார்சல் நீளமா நாலு பட்டையா இருக்கும். விரலுக்கு ஒருவாட்டி தெரிஞ்சிருச்சுன்னா அப்புறம் மறக்காது.

எனக்கு வந்த, ஃப்ரெண்ட்ஸுக்கு வந்த வைவா கேள்விகள், அப்படியே போடுறேன்:

- மாட்டுக்கு ஃபிபுலா (பின்னங்கால்ல டிபியாங்குற பெரிய எலும்புக்கு பக்கத்துல இருக்குற மெல்லிசு எலும்பு) எங்க? (தண்டே கிடையாது. மேல்பாகம் டிபியாவோட ஒட்டிக்கிச்சு, கீழ்பாகம் மல்லியோலார்னு தனியா குட்டி எலும்பு)
- அட்லஸ்ல (கழுத்தோட முதல் எலும்பு) ட்ரான்ஸ்வெர்ஸ் ஃபொரமென் (பக்கவாட்டு ஓட்டை) இருக்கா? (குதிரை, நாய்க்கு உண்டு, மாட்டுக்கு இல்ல)
- விலா எலும்பு எத்தன ஜோடி? மாடு 13, நாய் 13, குதிரை 18
- மூணாவது ட்ரோக்கான்டர் பெருசா தெரிஞ்சா குதிரை ஃபீமர். மாட்டுல தேடாதீங்க
- மாட்டோட இடது கிட்னி ஏன் வலது பக்கம் தள்ளி இருக்கு? ரூமன் (மாட்டோட பெரிய இரைப்பை அறை) தள்ளுது

கடைசி கேள்விய நான் படிச்சது அனாட்டமி நோட்ஸ்ல இல்ல, ஒரு இன்டர்ன் அக்காகிட்ட. அஞ்சரை வருஷத்துல கடைசி ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப்தானே, அதுல இருந்தாங்க. "ரெக்டல் (ஆசனவாய் வழியா கைய விட்டுப் பாக்குறது) போறப்ப தோள் வரைக்கும் கை உள்ள இருக்கும்டா, அங்க எந்த படமும் தெரியாது, கையில தட்டுறது கிட்னியா ரூமனா யூட்ரஸானு விரல்தான் சொல்லணும்"னாங்க. அப்பதான் அந்த எக்ஸ்டர்னல் ஏன் புடிச்சுக் காட்டுன்னாருனு உறைச்சுது. வயிறு உப்பி மூச்சு முட்டுற மாட்டுக்கு இடது பக்க குழியிலதான் ட்ரோக்கார் (காத்த வெளியேத்துற கூர்மையான கருவி) குத்தணும், ஏன்னா ரூமன் அங்க இருக்கு. கம்பி முழுங்குன மாட்டுக்கு இதயம் ஏன் பாதிக்குது? ரெட்டிகுலத்துக்கும் (ரூமனுக்கு முன்னாடி இருக்குற இரைப்பை அறை) இதயத்துக்கும் நடுவுல டயாஃப்ரம் (உதரவிதானம்) மட்டும்தான். சைடு தப்பா சொன்னா வைவால மார்க் போகும், அங்க மாடு போகும்.

மத்தது சுருக்கமா. ஹிஸ்டாலஜி (திசுக்கள மைக்ராஸ்கோப்ல பாக்குறது) ஸ்லைடு தினம் ரெண்டு வரைங்க, ஃபோன்ல ஃபோட்டோ எடுத்து வச்சுக்கிட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு நினைக்காதீங்க, பாக்க மாட்டீங்க. டிசெக்ஷன் ஹால்ல ஃபார்மலின் கண்ண எரிக்குதுன்னு பின்னாடி நிக்காதீங்க, நான் நின்னேன், நரம்பு ரத்தக்குழாய் எல்லாம் அடுத்தவன் முதுகுதான் பாத்தேன். க்ரூப் ஸ்டடி எனக்கு ஆகாது, நாலு பேர் சேந்தா அரட்டைதான், ஒருத்தன் எலும்பு குடுக்க ஒருத்தன் பதில் சொல்ல, ரெண்டு பேர் போதும். அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் விஷயத்துல விளையாடாதீங்க, எக்ஸாமே எழுத விடமாட்டாங்க. பதில் தெரியலைன்னா தெரியல சார்னு சொல்லிடுங்க, நான் அன்னைக்கு உருட்டுனதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல்.

இந்த தடவை வைவால வேற எக்ஸ்டர்னல். குடுத்தது ஃபீமர். வாங்குன உடனே என் கை தானா இடுப்புக்கிட்ட போயிடுச்சு, ஒரு நொடி வச்சுப் பாத்துட்டு ரைட் சார், மாடுன்னேன். அவர் சிரிச்சுட்டாரு. எதுக்கு சிரிச்சாருன்னு தெரியல, மார்க் போட்டாரு.

என் எலும்பு செட்ட ஜூனியர் ஒருத்தனுக்கு குடுத்துட்டேன். டேய், நீ இத படிச்சேன்னா, அதுல வலது பக்க மல்லியோலார் எலும்பு இல்ல, ரூம்ல எங்கயோ உருண்டு போச்சு. தேடிக்கிட்டு இருக்கேன், கெடச்சா குடுக்குறேன்.