கார் வாங்க அட்வான்ஸ் கொடுத்தவர் பின்வாங்கினால்: எவ்வளவு பிடிக்கலாம், எவ்வளவு திருப்பித் தர வேண்டும்?

சொந்த வண்டியை விற்கிறீர்கள். ஒருவர் வந்து ஓட்டிப் பார்த்து, 4,20,000 என்று பேசி முடித்து, 10,000 ரூபாயை ஜிபேயில் போட்டுவிட்டுப் போகிறார். நாலு நாள் கழித்து, “வீட்ல வேணாம்ங்கறாங்க சார், அட்வான்ஸைத் திருப்பிப் போட்டுருங்க” என்று வாட்ஸப் வருகிறது. “அட்வான்ஸ் கொடுத்தா போனதுதான்” என்பது விற்பவர் பேச்சு. “வண்டியே எடுக்கலையே, முழுசாத் தரணும்” என்பது வாங்க வந்தவர் பேச்சு. சட்டம் இந்த இரண்டையும் அப்படியே ஏற்பதில்லை. பணம் எதற்காக வாங்கப்பட்டது, வியாபாரம் யாரால் முறிந்தது, விற்பவருக்கு நிஜமாக என்ன நட்டம் என்ற மூன்றையும் சேர்த்தே பார்க்கிறது.

முதல் கேள்விக்கு விடை ரசீதில் இருக்க வேண்டும். விலையில் ஒரு பகுதியாக மட்டும் வாங்கிய பணத்தை, வாங்குபவர் விலகினார் என்பதற்காக அப்படியே விழுங்க முடியாது. ‘பேச்சு மாறினால் பிடித்துக்கொள்ளப்படும்’ என்று இருவரும் ஒப்புக்கொண்டு, உறுதிக்காகக் கொடுத்த பணம் என்றால் பிடித்துக்கொள்ள இடமுண்டு. சதீஷ் பத்ரா வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் தெளிவாக்கியது. அது வீட்டு விற்பனை வழக்கு. ஆனால் 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் வண்டிக்கும் அதேதான். அதன் 74-வது பிரிவு இன்னொரு கடிவாளமும் போடுகிறது: எவ்வளவு தொகை எழுதியிருந்தாலும், அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். 2015-ல் கைலாஷ்நாத் வழக்கில், டெல்லி வளர்ச்சி ஆணையம் மனை ஏலத்தில் முன்பணமாக வாங்கிப் பிடித்து வைத்த 78 லட்சத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. வாங்க வந்தவர் பக்கம் தவறில்லை. அதே மனை பின்னால் பல மடங்கு விலைக்குப் போனதால் நட்டமும் இல்லை.

அடுத்து, ஏன் விலகினார் என்பது. மனசு மாறியது, வேறு வண்டி பிடித்துவிட்டது, வீட்டில் ஒப்பவில்லை என்பதெல்லாம் அவர் பொறுப்பு. லோன் கிடைக்கவில்லை என்பதும் அவர் பொறுப்புதான், ‘லோன் கிடைத்தால்’ என்று முன்பே பேசியிருந்தால் தவிர. ஆனால் மெக்கானிக் பார்த்து, நீங்கள் “ஆக்சிடென்ட் ஆகாத வண்டி” என்று சொன்னது பொய் என்று தெரிந்தால் கதை தலைகீழ். ஃபைனான்ஸ் அடைக்காமல் ஹெச்.பி. (வண்டி மேல் கடன் இருப்பதற்கான பதிவு) இன்னும் ஆர்.சி.யில் நிற்பதை மறைத்தது, ஆர்.சி. வேறொருவர் பெயரில் இருந்து அவர் கையெழுத்துப் போட மறுப்பது, ஆர்.டி.ஓ. பதிவில் முடக்கப்பட்டு பிளாக்லிஸ்ட் ஆன வண்டி, இதிலெல்லாம் பேச்சைக் காப்பாற்ற முடியாதவர் நீங்கள். ஒரு ரூபாய் பிடிக்காமல் திருப்பித் தர வேண்டும். கூடுதல் விலைக்கு ஆள் வந்ததும் நீங்கள் மாறினாலும் அப்படியே. அந்த நிலையில் ‘இரண்டு மடங்கு தரணும்’ என்று ஊரில் சொல்வது, எழுதிக்கொண்டிருந்தால்தான் கேட்கவே முடியும்.

அதிகம் சண்டை வருவது வேறு இடத்தில்: ஆள் விலகுகிறேன் என்றும் சொல்லவில்லை, மீதியும் கொண்டுவரவில்லை, போனும் எடுக்கவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு நீங்கள் இன்னொருவருக்கு விற்றுவிடுகிறீர்கள். மறுநாளே முதல் ஆள் முழுப் பணத்தோடு வந்து நிற்கிறார். கெடு எதுவும் பேசவில்லை என்றால், அப்போது வாக்கு மாறியவர் நீங்கள் ஆகிவிடும் வாய்ப்பு அதிகம். அதனால் விற்கும் முன் ஒரு மெசேஜ் கட்டாயம்: “சனிக்கிழமை மாலை 6 மணிக்குள் மீதி 4,10,000 செலுத்தி வண்டியை எடுத்துக்கொள்ளவும். இல்லையென்றால் வேறு ஒருவருக்கு விற்று, ஏற்படும் நட்டத்தை அட்வான்ஸில் கழித்துக்கொள்வேன்.” 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 54-வது பிரிவு, இப்படித் தெரிவித்து, நியாயமான அவகாசம் கொடுத்து விற்பவருக்குத்தான் மறுவிற்பனை நட்டத்தைக் கேட்கும் உரிமை தருகிறது. தெரிவிக்காமல் விற்றால் அந்த உரிமை இல்லை. கூடுதலாகக் கிடைத்த லாபம்கூட முதல் ஆளுக்குப் போகலாம். ஒரு நிமிட வேலையை விட்டுவிட்டு இதில் தோற்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

நட்டக் கணக்கு எளிது. அடுத்த ஆள் 4,12,000-க்கு எடுத்தால் நட்டம் 8,000. இரண்டாயிரத்தைத் திருப்பிக் கொடுங்கள். 4,25,000-க்குப் போனால் விலையில் நட்டமே இல்லை. மறுபடி விளம்பரம் போட்ட செலவு மாதிரி கையை விட்டுப் போனதை மட்டும்தான் கழிக்கலாம். லோன் அடைத்தது, இன்சூரன்ஸ் புதுப்பித்தது, சர்வீஸ் பார்த்தது எல்லாம் யார் வாங்கினாலும் செய்ய வேண்டியவை. அவற்றை இவர் தலையில் கட்டக் கூடாது. ஆனால் வாங்க வந்தவர் வேறு மாநிலத்தவர், உதாரணமாகப் பாலக்காட்டுக்காரர் என்று ஆர்.டி.ஓ.வில் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) எடுத்திருந்தால், அந்தக் கட்டணமும் அதை ரத்து செய்யும் செலவும் அவரால் வந்த நட்டம். அந்த என்.ஓ.சி.யை ரத்து செய்யாமல் உள்ளூரில் பெயர் மாற்றப் போனால் அங்கே சிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பிடித்துக்கொள்ளலாம் என்று எழுதி வாங்கியிருந்தாலும், நட்டத்துக்கு மேல் மிஞ்சுவதைத் திருப்பித் தருவதே சரி என்பது என் கருத்து. தொகையையும் சிறிதாக வையுங்கள். நாலு லட்சம் வண்டிக்கு 5,000 முதல் 10,000 வரை போதும். ஐம்பதாயிரம் வாங்கிவிட்டு ‘உறுதிப் பணம்’ என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ரசீது வெள்ளைத் தாளில் இருந்தாலே போதும். 5,000-க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து. வாசகம் இப்படி இருக்கலாம்:

“டி.என். ... எண்ணுள்ள மாருதி ஸ்விஃப்ட், சேஸிஸ் எண்ணின் கடைசி 5 இலக்கம் ..., விலை ரூ. 4,20,000. உறுதிக்காக ரூ. 10,000 இன்று யு.பி.ஐ. மூலம் பெறப்பட்டது, விற்பனை முடிந்தால் விலையில் கழியும். மீதி ... தேதி மாலை 6 மணிக்குள். அதற்கு முன் வாங்குபவரின் மெக்கானிக் ஒருமுறை பார்க்கலாம். சொல்லாத விபத்துப் பழுது, அடைபடாத கடன், ஆவணக் குறை இருந்தாலோ விற்பவர் விலகினாலோ முழுத் தொகையும் 3 நாளில் திரும்பும். வேறு காரணத்தால் வாங்குபவர் விலகினால், மறுவிற்பனையில் வரும் நட்டமும் செலவும் ரூ. 10,000-க்கு மிகாமல் கழிக்கப்படும். மீதி, மறுவிற்பனை முடிந்த 3 நாளில் திரும்பும்.”

இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி. புரோக்கர் இருந்தால், அவர் கமிஷனை யார் தருவது என்று ஒரு வரி. அட்வான்ஸை அவர் கையில் விடாமல் நேராக ஓனர் கணக்குக்கே போடச் சொல்லுங்கள். அட்வான்ஸ் கட்டத்தில் ஒரிஜினல் ஆர்.சி.யோ, பெயர் மாற்றத்துக்கான கையெழுத்திட்ட படிவம் 29, 30-ஓ கைமாறவே கூடாது. கொடுத்துவிட்டால், பணத்தைத் திருப்பும் முன் அவற்றைத் திரும்ப வாங்குங்கள். ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கும்வரை விபத்து வழக்கில் பொறுப்பு உங்களுடையது. நவீன் குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்த்தது.

திருப்பும்போது, பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். “தம்பி நம்பருக்குப் போடுங்க” என்றால் மறுத்துவிடுங்கள். வந்தது திருட்டுப் பணமாக இருந்து, அதை இழந்தவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்தால் உங்கள் கணக்கு முடங்கலாம்; தம்பிக்கு அனுப்பியதை வைத்துத் திருப்பிக் கொடுத்ததாகக் காட்ட முடியாது. “தவறுதலாக 50,000 வந்துவிட்டது, 40,000 திருப்பிப் போடுங்க” என்று ஸ்கிரீன்ஷாட் வந்தால், பேங்க் ஆப்பில் பணம் ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் அனுப்ப வேண்டாம். அனுப்பியபின் “அட்வான்ஸ் கணக்கு தீர்ந்தது, வண்டி மேல் எனக்குப் பாத்தியதை இல்லை” என்று அவரிடம் ஒரு பதில் வாங்கி, பழைய ரசீதையும் திரும்பப் பெறுங்கள்.

பேச்சு ஒத்துவராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றம் இதற்கு உதவாது. தன் சொந்த வண்டியை விற்பவர் வியாபாரி அல்ல. வெறுமனே விலகியதற்குப் போலீஸும் வழக்குப் போடாது. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். பத்தாயிரத்துக்கு வக்கீல் வைப்பதைவிட, தாலுகா நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுப்பது மேல். கோர்ட் ஃபீஸ் கிடையாது, இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். ரசீது, வாட்ஸப் உரையாடல், பேங்க் ஸ்டேட்மென்ட், மறுவிற்பனை விலைக்கான ஆதாரம் ஆகிய நான்கையும் நகல் எடுத்துக்கொண்டு போங்கள்.